சீர் வரிசையில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

என் மகள் பவானி விளையாடுவாள். வயது இருபத்தைந்து. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படித்துவிட்டுத் தேனியில் ஒரு விதைக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்தால் விளையாடுவாள். தாயமோ பல்லாங்குழியோ இல்லை. காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து எதிரணி ஐந்து பேரைச் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு. இதைச் சொன்னதும் கேட்பவர்களின் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் என் முகமும் அப்படித்தான் போனது. அதனால் முகத்துக்கெல்லாம் நான் கோபித்துக்கொள்வதில்லை. வாயைத் திறந்து, ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இது’ என்று கேட்டால்தான் கோபம் வரும்.

என் பெயர் முனீஸ்வரி. ஓடைப்பட்டியில் அங்கன்வாடிப் பணியாளர். இருபத்திரண்டு வருடமாக ஊர்ப் பிள்ளைகளை விளையாட வைப்பதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. சொந்தப் பிள்ளை விளையாடினால் மட்டும் நான் விளக்குமாற்றைத் தேட வேண்டுமாம். நல்ல நியாயம்.

பவானி சின்ன வயதிலிருந்தே எதற்கும் அழுது அடம் பிடித்ததில்லை. ஒரு முறை சொல்வாள். அப்புறம் சொன்ன இடத்திலேயே நிற்பாள். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது, பந்தலுக்குள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தவள், “அப்பா, எலைக்கு அடியில வெள்ளையாப் படருது, மருந்தடிக்கணும்” என்றாள். என் வீட்டுக்காரர் சுருளிராஜன், “நாளைக்குப் பாத்துக்கலாம் ஆத்தா” என்றார். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். சாப்பிட வரவில்லை. கடைசியில் அவர் முணுமுணுத்துக்கொண்டே கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் அந்தப் போகம் பாதிக்கு மேல் போனது, எங்களுக்குத் தப்பியது. அழுகிற பிள்ளையை ஏதாவது கொடுத்துச் சமாளித்துவிடலாம். நிற்கிற பிள்ளையை என்ன செய்ய முடியும்?

போன வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘ஆபீஸ்ல வேலை இருக்கு’ என்று கிளம்பிப் போக ஆரம்பித்தாள். நாலு வாரம் பார்த்தேன். ஐந்தாவது வாரம் அவள் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன். பையன் யாராவது இருப்பான், என்ன சாதியோ என்ன குலமோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அவளை ஒரு செல்போன் கடை மாடியில் அடிக்கடி பார்த்ததாகச் சொல்லியிருந்தார். விசாரித்துக்கொண்டு அந்த மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்தால் ஏசி குளிர். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். காலேஜ் பையன்கள் நாலைந்து பேருக்கு நடுவில் என் மகள்.

“லெஃப்ட்ல ரெண்டு பேரு இருக்காய்ங்க. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது. கட்டப்பனை சேட்டா, ஒங்களுக்கும்தான்!” என்று, அங்கே இருந்தவர்களுக்கும் கேரளாவிலிருந்து ஆன்லைனில் சேர்ந்திருந்த ஒருவருக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

பையன்கள் அத்தனை பேரும், “சரிக்கா, சரிக்கா” என்றார்கள். வீட்டில் சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்றால்கூட மெதுவாகச் சொல்கிற பிள்ளை அது. அந்தக் குரலை, அவளைப் பெற்றெடுத்த நாளிலிருந்து நான் கேட்டதில்லை. கதவுப் பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தவள் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள்.

“என்னம்மா இங்கன?”

“அத நான் கேக்கணும்டி.”

“அம்மா, இந்த மேட்ச் மட்டும் முடியட்டும்மா” என்று ஒரு பையன் என்னிடம் கெஞ்சினான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவளை இழுத்துக்கொண்டு வரப் போனவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் வேடிக்கை பார்த்தேன். கடைசியில் அவர்கள் தோற்றார்கள். தோற்றதற்குப் பவானி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு முதலில் நிம்மதி வந்தது. பையன் விவகாரம் இல்லையே என்று. பஸ் ஏறிய பிறகுதான் கோபம் வந்தது. வீடு வரைக்கும் திட்டினேன். விளையாடியதற்கு அவள் வருத்தப்படவில்லை. “ஒன்கிட்ட ஆபீஸ்னு பொய் சொன்னேன்ல, அதுதாம்மா தப்பு. இனிமே சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் சொல்லிவிட்டே போனாள். அவள் அப்பாவுக்கும் தெரியும். ‘கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்’ என்று இருந்தார். ஏதோ சளி பிடித்திருக்கிற மாதிரி.

கல்யாணமும் அமைந்தது. மாப்பிள்ளை அருண்பாண்டி, சின்னமனூர்க்காரர், தேனியில் ஒரு வங்கியில் வேலை. தகப்பனார் இல்லை. அம்மா சுருளியம்மாளும், பெரியப்பா விஜயபாண்டியும்தான் வந்து பேசினார்கள். பவானிக்கு அவரைப் பிடித்திருந்தது. போன் வந்தால் மாடிக்கு ஓடுவாள். சீர் பற்றிப் பேச்சு வந்தபோது பெரியப்பா கையை அகல விரித்து, “நாங்க எதுவும் கேக்க மாட்டோம். ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்யிறதச் செய்யுங்க” என்றார். எங்கள் பக்கம் இப்படிச் சொன்னால், ஒன்று விடாமல் செய்ய வேண்டும் என்று அர்த்தம். ஒரு நல்ல நாளில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து சீர்ப் பட்டியலை எழுதி, வாசித்து, கையெழுத்துப் போடுவது வழக்கம். மண்டபத்தில் அந்தப் பட்டியல்படி பொருட்கள் வரிசையாக நிற்கும். சொந்தபந்தம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போகும்.

பட்டியல் எழுதுகிற நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பவானி எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தாள்.

“கட்டில், பீரோ, சோபா மூணும் வேணாம்ப்பா. அதுக்குப் பதிலா எனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுங்க.”

“என்ன கம்ப்யூட்டரு?”

“கேம் வெளாடுற கம்ப்யூட்டரு.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

“ஆத்தா, மண்டபத்துல ஊரே வந்து நிக்கும். பீரோ இருக்க வேண்டிய எடத்துல அந்தப் பொட்டிய வச்சா என் மூஞ்சில காறித் துப்புவாக.”

“அவுக வீட்டுல ஏற்கெனவே ரெண்டு பீரோ இருக்குப்பா. மூணாவத எங்கன போடுறது? வாசல்லயா?”

“நீயும் சம்பாதிக்கிறவதான. கல்யாணம் முடியட்டும். நீயே வாங்கிக்க. யாரு வேணாங்குறா?”

“அப்ப வாங்குனாக் கேப்பாகப்பா. எதுக்கு வாங்குன, யாரக் கேட்டு வாங்குனன்னு ஆளுக்கு ஆளு கேப்பாக. சீர்ல வந்த பொருள அப்பிடிக் கேக்க முடியாது. அது பொறந்த வீட்டு மரியாதை. அதத் தொடவே யோசிப்பாக.”

அவர் விவசாயி கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“அந்தச் சனியன் எம்புட்டுக் கரண்டு இழுக்கும்?”

“அறுநூத்தம்பது வாட்ஸுப்பா.”

விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். எங்கள் கிணற்று மோட்டார் ஐந்து ஹெச்பி. “ஒரு ஹெச்பி கூட வரல. இதுக்கா மூணு சாமான் வெல?” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

நானும் அன்றைக்கு அவர் பக்கம்தான். நல்ல இடம், பிடித்த மாப்பிள்ளை, இதைப் போய் ஒரு பெட்டிக்காகக் கெடுத்துக்கொள்வாளா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் தட்டைக் கழுவி வைத்தாள். வழக்கம் போல் சொன்ன இடத்தில் நின்றாள். ஒரு வாரம் போனது. அப்பாவும் மகளும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். ‘மோட்டாரப் போட்டாச்சான்னு கேளு’, ‘போட்டாச்சுன்னு சொல்லு’ என்று.

ஆனால் அவள் சொன்ன ஒன்று என்னைத் தூங்க விடவில்லை. சீர்ல வந்ததத் தொட யோசிப்பாக.

என் சீரில் ஒரு தையல் மிஷின் வந்தது. என் அப்பா தேனியில் வாங்கி, வண்டியில் கயிறு போட்டுக் கட்டித் தானே கூட வந்து இறக்கினார். எனக்கு நன்றாகத் தைக்க வரும். புது வீட்டில் கொஞ்சம் பழகட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று மூடி வைத்திருந்தேன். எட்டு மாதத்தில் என் நாத்தனார் கல்யாணம் வந்தது. ‘அவ என்ன தைக்கவா போறா, சும்மாதான கெடக்கு’ என்று என் மாமியார் அதைத் துடைத்து நாத்தனார் சீரில் சேர்த்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னார்கள். என் மிஷினுக்கு நானே பொட்டு வைத்து அனுப்பினேன்.

மறுநாள் தோட்டத்துக்குச் சோறு கொண்டு போனேன். கொடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலை நடந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் சாப்பிடப் போன பிறகு, பந்தலுக்குக் கீழே அவரிடம் இதைச் சொன்னேன். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை.

கையில் கத்தரியோடு நின்றார். “நீ தைக்கலன்னுல்ல எங்க அம்மா சொன்னாக.”

“நான் சொன்னேனா?”

“வேணும்னா நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல முனீஸ்வரி.”

“சொல்லிருக்கணும். தைக்கிறதுக்குத்தான் வச்சிருக்கேன், எடுக்காதீகன்னு நடு வீட்டுல நின்னு சொல்லிருக்கணும். எனக்குத் தைரியம் இல்ல. ஒங்க மகளுக்கு இருக்கு. அவளாவது சொல்லிட்டுப் போகட்டும்.”

எனக்கு வந்தது அழுகை இல்லை. ஆத்திரம். அவர் மேலும் இல்லை. வாயை மூடிக்கொண்டு பொட்டு வைத்த அந்த இருபத்து நாலு வயது முட்டாள் மேல். அவர் சோற்றைப் பாதிக்கு மேல் சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் மகளிடம் நேராகவே பேசினார். “சரி ஆத்தா. வாங்குவோம்.”

அவள் எழுந்தே விட்டாள். அதற்குள் அவர் கையைக் காட்டினார். “பொறு. ஒண்ணே ஒண்ணு. ஆபீஸ் வேலைக்குன்னு சொல்லிருவோம். கம்ப்யூட்டர் வேலைன்னா அவுகளுக்கும் பெருமைதான. உள்ள நீ என்ன பண்ணுறன்னு யாரு பாக்கப் போறா?”

நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்தது என்று நினைத்தேன். பவானி மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“வேணாம்ப்பா.”

“என்னது வேணாம்?”

“வேலைக்குன்னு சொல்லிக் கொண்டு போனா வேலைக்கு மட்டுந்தான் அதத் தொட முடியும். ‘வேலதான் முடிஞ்சிருச்சே, எந்திரி’ம்பாக. கேம் வெளாடுறதப் பாத்தா ‘பொய் சொல்லிட்டு வந்தவ’ம்பாக. நான் கதவச் சாத்திக்கிட்டுத் திருட்டுத்தனமா வெளாடணும். அதுக்கு அந்தக் கம்ப்யூட்டர் கடையிலயே கெடக்கட்டும். நீங்க பீரோவே வாங்கிக் குடுத்துருங்க.”

“ஒரு சின்னப் பொய்யிடி” என்றேன் நான்.

“ஒரு நாளைக்குச் சொன்னாச் சின்னதும்மா. காலம் பூராம் சொல்லணும்.”

அவள் இதையே அருண்பாண்டியிடமும் போனில் சொல்லியிருக்கிறாள். அவரும் நல்ல பிள்ளைதான். “எனக்கு ஒண்ணுமில்ல பவானி. அம்மாகிட்டயும் பெரியப்பாகிட்டயும் மட்டும் வேலைக்குன்னு சொல்லிருவோம்” என்றாராம். இவள், “ஞாயித்துக்கிழம மட்டையத் தூக்கிக்கிட்டு கிரிக்கெட் வெளாடப் போறீகளே, அப்ப ஆபீஸ் போறேன்னு சொல்லிட்டா போறீக?” என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார். மூன்று நாள் போனே வரவில்லை. பவானி சாப்பாட்டு நேரத்தில்கூட போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பயப்படாதவள் இல்லை அவள். பயந்துகொண்டே நின்றாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ‘ஒனக்கு எதுக்குடி இந்த வீம்பு’ என்று கேட்கத் தோன்றும். கேட்கவில்லை. அதே வீம்பு என்னிடம் ஒரு விரற்கடை இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

பட்டியல் எழுதுகிற நாளும் வந்தது. அதுவரைக்கும் எதுவும் முடிவாகவில்லை. காலையில் என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இரண்டு தாள் வைத்திருந்தார். ஒன்றில் பீரோ, கட்டில், சோபா. இன்னொன்றில் கம்ப்யூட்டர். எதை எடுப்பார் என்று அவருக்கே தெரியவில்லை. மகளிடம், “ஆத்தா, சபையில ஒரு மாதிரி ஆயிருச்சுன்னா கல்யாணமே நின்னு போகும். யோசிச்சுக்க” என்றார். அவள் முகம் வெளுத்துத்தான் இருந்தது. “யோசிச்சுட்டேன்ப்பா” என்றாள்.

சின்னமனூரிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையும் வந்திருந்தார், பவானி இருந்த பக்கம் தலையைத் திருப்பவில்லை. பெரியப்பா விஜயபாண்டி நடுவில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து, பேனாவைத் திறந்தார். என் வீட்டுக்காரர் பையில் கையை விட்டு ஒரு தாளை எடுத்து நீட்டினார். எந்தத் தாள் என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. பெரியப்பா ஒவ்வொன்றாக வாசித்து வாசித்து எழுதினார். குத்துவிளக்கு இரண்டு. வெண்கலப் பானை ஒன்று. ஃப்ரிட்ஜ். வாஷிங் மிஷின். கிரைண்டர். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“கம்ப்யூட்டருன்னு இருக்கு. பொண்ணு ஆபீஸ் வேலைக்குத்தான மச்சான்?”

கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்துவிட்டார் மனிதர். தலையை ஆட்டினால் போதும். அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். என் வீட்டுக்காரருடைய தலை ஆடத் தொடங்கியதை நான் பார்த்தேன். பிறகு அவர் மகள் நின்ற பக்கம் பார்த்தார். உள் அறை வாசலில் பட்டுச் சேலையில் நின்றாள். கெஞ்சவில்லை, சைகை காட்டவில்லை. சும்மா நின்றாள்.

“இல்ல மச்சான்” என்றார். “வெளாடத்தான்.”

“என்னது?”

“கேம் வெளாடுறதுக்கு. வேலைக்கு ஆபீஸ்லயே குடுத்திருக்காக. இது அவ வெளாட்டுக்கு. எம்மக நல்லா வெளாடுவா.” மகள் விளையாடி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

சபையில் யாரோ இருமினார்கள். பெரியப்பா கண்ணாடிக்கு மேலாக மாப்பிள்ளையைப் பார்த்தார். அருண்பாண்டி முகம் சிவந்து போயிருந்தது. “எனக்குத் தெரியும் பெரியப்பா” என்றார். “நாந்தான் வேலைக்குன்னு சொல்லச் சொன்னேன். அவ மாட்டேன்னுட்டா.”

விஜயபாண்டி பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். ரொம்பப் பொறுமையாக, ஊருக்கே நியாயம் சொல்கிற மாதிரிச் சொன்னார். “எங்க குடும்பத்துல பொம்பளையாளு யாரும் வெளாண்டது கெடையாது.”

நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். அதைக் கீழே வைத்தேன்.

“எங்க குடும்பத்துலயும் கெடையாதுண்ணே” என்றேன். “நான் வெளாண்டதில்ல. எங்க ஆத்தா வெளாண்டதில்ல. எங்க ஆத்தாவப் பெத்தவுகளும் வெளாண்டதில்ல. இவதான் மொதல்ல. அதனாலதான் மறைக்காமச் சீராவே அனுப்புறோம். எழுதுங்க.”

வெளியே அவர்களைக் கூட்டி வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்துவிட்டு நிறுத்தினான். மாப்பிள்ளையின் அம்மா சுருளியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை. அவர் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, “எழுதுங்க மாமா. ராகுகாலம் வரப் போகுது” என்றார். சம்மதமா, நேரமாகிறது என்ற அவசரமா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

பெரியப்பா பேனாவைத் திறந்தார். அப்போது உள் அறை வாசலிலிருந்து பவானியின் குரல் வந்தது. வீட்டில் பேசுகிற குரல் இல்லை. தேனியில் அந்த மாடியில் கேட்டேனே, அந்தக் குரல்.

“எதுக்குன்னும் சேத்து எழுதிருங்க மாமா.”

அவர் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் அசையவில்லை. மனிதர் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினார். ‘கேம் கம்ப்யூட்டர் ஒன்று, மணப்பெண் விளையாடுவதற்கு.’ அதை மற்ற பொருட்களைப் போலவே சத்தமாக வாசிக்கவும் செய்தார். அதற்குக் கீழே இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டோம்.